ஆறாவது வரி

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் தையல் கடையில், உடுப்பைப் போட்டுப் பார்க்கும் அறையில், ஆளுயரக் கண்ணாடிக்குப் பக்கத்தில், என் கல்லீரலின் பரிசோதனை அறிக்கையை லேமினேட் செய்து மாட்டி வைத்திருக்கிறேன். மற்ற கடைகளில் அந்த இடத்தில் கோட்டுப் போட்ட அழகன் ஒருவன் இடுப்பில் கை வைத்து நிற்பான். என் கடையில் என் ஈரல்.

இந்நேரம் நீ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருப்பாய். துடைக்க வேண்டாம், சரியாகத்தான் படித்தாய். கல்லீரல் புற்றுநோய். டிசம்பர் பதினாறாம் தேதி ஆபரேஷன். வலது பக்கத்தில் ஒரு துண்டை எடுத்துவிட்டார்கள். நான் உயிரோடு இருக்கிறேன். வயிற்றில் மட்டும் ஒரு நீளமான தையல். நான் போட்டிருந்தால் இன்னும் நேராக இருந்திருக்கும்.

ஏழு வருஷம் பேசாத அக்காவுக்கு இப்படியா செய்தி சொல்வது என்று திட்டாதே. போனில் என் நம்பரை அடைத்து வைத்திருக்கிறாய். தபால்காரரை அடைக்கும் வசதி இன்னும் வரவில்லை, அதனால் கடிதம்.

சண்டை உனக்கு மறந்திருக்காது, இருந்தாலும் என் பங்கை நானே சொல்கிறேன். ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் எனக்கு ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். நீ சொன்னாய், "பொறக்கும்போதே அம்மாகிட்டேருந்து வந்திருக்கும். பயப்படாதே. ஆனா ஆறு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்கேன் எடு. பொண்டாட்டி பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லு." நான் என்ன செய்தேன்? உன் வீட்டுக் கூடத்தில், பத்து விருந்தாளிகளுக்கு நடுவில், "எங்க அக்காவுக்கு மனுஷங்களைத் தெரியாது. அவ கண்ணுக்கு எல்லாருமே கண்ணாடித் தகட்டுல ஒட்டின சதைதான்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ தட்டை மேஜையில் வைத்தாய். "ஸ்கேன் எடுத்துட்டு வந்து பேசு" என்றாய். நான் எடுக்கவில்லை. நீ பேசவில்லை. நம் இரண்டு பேரின் திமிரையும் ஒரே துணியில் வெட்டியிருக்கிறார்கள்.

கட்டியைக் கண்டுபிடித்தது கூட வேறு எதற்கோ வயிற்றைப் பார்க்கப் போன இடத்தில்தான். அந்த விஷயத்தில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. மீதி எல்லாவற்றிலும் உண்டு. அந்த சர்ஜன் இருக்கிறாரே, கையா அது! கட்டியைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் நல்ல சதையை ஓரமாக விட்டு வெட்டியிருக்கிறார். முப்பது வருஷமாக நான் தையலுக்கு விடும் ஓரமும் அதே ஒரு சென்டிமீட்டர். வார்டில் அவரிடம் இதைச் சொன்னேன். "அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்" என்றார். அன்றிலிருந்து மூச்சு விடும்போது வலித்தாலும் நெஞ்சை நிமிர்த்தித்தான் விடுகிறேன்.

போன வாரம் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் கோட்டுப் போட்டுப் பார்க்க வந்தார். அரைக்கோட்டோடு வெளியே ஓடி வந்தார்.

"உள்ளே மாட்டியிருக்கிறது என்னய்யா, மார்க் ஷீட்டா?"

"ஆமா சார். எல்லாப் பாடத்துலயும் பாஸ்."

"யார் பிள்ளையோடது?"

"என் ஈரலோடது."

மனுஷர் மறுபடி உள்ளே போய் முழுசாகப் படித்துவிட்டு வந்து கை கொடுத்தார். நீயும் கொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படியே எழுதியிருக்கிறேன்:

கட்டிகளின் எண்ணிக்கை: ஒன்று.
அளவு: 3.4 செ.மீ.
செல்களின் வகை: கல்லீரல் செல் புற்று.
செல்களின் தரம்: நடுத்தரம்.
சுற்றியுள்ள குட்டிக் கட்டிகள்: இல்லை.
வெட்டிய ஓரம்: சுத்தம், 1 செ.மீ.
மீதமுள்ள ஈரல்: தழும்பு உண்டு, முற்றிய சுருக்கம் இல்லை.

எப்படி? வீட்டில் முதல் மார்க் எப்போதும் உனக்குத்தான். ஒரு தடவையாவது நானும் வாங்கினேன் என்று ஒத்துக்கொள். அத்தானுக்கு என் வணக்கம். அவர் என் பக்கம் பேச வேண்டாம், அவருக்கு வீட்டில் சோறு வேண்டும்.

உன் தம்பி


பிப்ரவரி 14

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை நின்றுகொண்டு.

அழுதேனா என்று கேட்பாய். கேட்காதே.

மாத்திரை ஆரம்பித்தார்களா? வைரஸுக்கான மாத்திரையைச் சொல்கிறேன், சத்து மாத்திரையை இல்லை. குடியை விட்டாயா? "எப்பவாவது கொஞ்சம்" என்பதும் குடிதான். உன் மனைவியும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்துப் பார்த்தாயிற்றா? அடுத்த ஸ்கேன் எப்போது? ஈரலைப் பற்றி ஒன்றரைப் பக்கம் பீற்றிக்கொண்டவன் இதில் ஒன்றைக்கூட எழுதவில்லை.

இனி உன் மார்க் ஷீட்டுக்கு வருகிறேன். நான் என்ன வேலை செய்கிறேன் என்பதை நீ மறந்துவிட்டாய், அல்லது உனக்கு எப்போதுமே தெரியாது. சர்ஜன் வெட்டி அனுப்பும் சதையை மெழுகில் பதித்து, மயிரிழையைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்வதை அறிக்கையில் ஏற்றுவது என் வேலை. இருபத்தொன்பது வருஷமாக. அந்த அறிக்கைக்கு ஒரு வரிசை உண்டு. ஆஸ்பத்திரி மாறினாலும் வரிசை பெரும்பாலும் மாறாது.

எங்கள் லேபில் ஒரு சட்டமும் உண்டு. போட்டவள் நான். எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. ஒன்று இல்லையென்றால் "இல்லை" என்று எழுது. காலியாக விட்டால் அது இல்லையா, யாரும் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டு மறைத்தார்களா என்று படிப்பவருக்குத் தெரியாது. இதுவரை காலிக் கட்டத்தோடு ஒரு தாள்கூட என் மேஜையைத் தாண்டியதில்லை. டாக்டர்களே திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

நீ எழுதியது ஏழு வரி. எட்டு இருக்க வேண்டும். குட்டிக் கட்டிகளுக்கும் வெட்டிய ஓரத்துக்கும் நடுவில் ஆறாவதாக ஒரு வரி வரும். நுண்ணிய ரத்தக் குழாய்க்குள் கட்டியின் செல்கள் ஊடுருவியிருக்கின்றனவா, இல்லையா என்பது அந்த வரி.

அது எங்கே?

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

உன் கண்ணில் மண்ணைத் தூவலாம் என்று நினைத்தது என் தப்பு. தலைமை ஆசிரியர் கண்டுபிடிக்கவில்லை. கடைக்கு வந்த ஒரு நர்ஸ் கண்டுபிடிக்கவில்லை. என் வீட்டுக்காரி, என் சட்டைப் பையில் ஒரு பீடி இருந்தால் தெருமுனையிலேயே கண்டுபிடிப்பவள், அவளும் கண்டுபிடிக்கவில்லை. நீ நேரில் பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாய்.

நடந்ததைச் சொல்கிறேன். அறிக்கையை வாங்கி வந்த அன்று அதை வெட்டு மேஜையில் விரித்தேன். காஜா வெட்டும் சின்னக் கத்தரியை எடுத்தேன். அந்த ஒரு வரியை மட்டும் நீளமாக வெட்டி எடுத்தேன். மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் நெருக்கி, பின்பக்கம் மெல்லிய தாள் கொடுத்து ஒட்டி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டேன். அப்புறம்தான் லேமினேட். விரலால் தடவிப் பார், ஒட்டு தெரியாது. என் தொழிலில் இவ்வளவு நேர்த்தியான ஒட்டை நான் போட்டதே இல்லை. அதை யாரிடமும் காட்டிப் பீற்ற முடியவில்லை என்பது எனக்கு இரண்டு மாசமாகத் தனி வேதனை. இப்போது உன்னிடம் பீற்றிவிட்டேன்.

வெட்டிய துண்டு பட்டன் டப்பாவில் இருக்கிறது. அதில் "உள்ளது" என்று எழுதியிருக்கிறது.

சர்ஜன் எதையும் மறைக்கவில்லை. "கட்டி ஒண்ணுதான், சின்னதுதான், ஓரம் சுத்தம். எல்லாம் உங்க பக்கம். இந்த ஒரு வரி மட்டும் எதிர்ப்பக்கம்" என்றார்.

"அப்போ திரும்பி வந்துடுமா?"

"வரும்னு சொல்லலை. வராதுன்னும் சொல்ல மாட்டேன். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கிட்டே இருப்போம்."

ஒரு மனுஷன் கோட்டை வாங்கிக்கொண்டு போகும்போது "இது பிரியும்னு சொல்லலை, பிரியாதுன்னும் சொல்ல மாட்டேன்" என்று நான் சொன்னால் அடுத்த நாள் கடை திறக்க முடியுமா?

நீ கேட்டதற்கெல்லாம் பதில்: மாத்திரை தினமும் காலையில். குடியை ஆபரேஷனோடு விட்டுவிட்டேன். விட்டது தெரிந்து பழைய கூட்டாளிகள் என்னையும் விட்டுவிட்டார்கள். வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ரத்தம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குக் கைக்குழந்தையிலேயே தடுப்பூசி போட்டிருந்ததாம், இரண்டு பேருக்கும் ஒன்றும் இல்லை. அவளுக்கும் இல்லை, ஊசி போட ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் ஸ்கேன் மார்ச் பன்னிரண்டாம் தேதி.

நான் போகப் போவதில்லை.

ஊரெல்லாம் பாஸ் என்று சொல்லியாயிற்று. அங்கே போய்ப் படுத்து, அந்த மெஷின் வேறு ஏதாவது சொன்னால் சுவரில் இருப்பதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? சிரிக்காதே. கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பரிதாபப்படாமல் கை கொடுக்கிறார்கள் என்றால் அது அந்தத் தாளால்தான்.

உனக்கு ஒரு பேரம். அம்மா எனக்கு மட்டும் அம்மா இல்லை. எனக்கு அவளிடமிருந்து வந்தது என்றால் உனக்கும் வந்திருக்கலாம். உன் ரிசல்ட் என்ன? அந்தத் தாளை அனுப்பு, நான் ஸ்கேனுக்குப் போகிறேன்.

தம்பி


மார்ச் 4

தம்பிக்கு,

உன் ஒட்டு நேர்த்தியாகவே இருக்கட்டும். உன் மூளையில்தான் தையல் விட்டிருக்கிறது.

நன்றாகக் கேட்டுக்கொள். ஆறாவது வரியில் "உள்ளது" என்று இருந்தால் கட்டி திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. கூடுகிறது, அவ்வளவுதான். கட்டி பெரியதாக இருந்தாலும், நிறைய இருந்தாலும், பக்கத்தில் குட்டி போட்டிருந்தாலும், ஓரம் சுத்தமாக இல்லாவிட்டாலும் கூடும். இந்த நாலும் உனக்கு நன்றாக இருக்கின்றன. அப்படித் திரும்பினால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் திரும்பும். அதனால்தான் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை பார்க்கச் சொல்கிறார்கள். சின்னதாக இருக்கும்போதே பிடித்தால் மறுபடி ஏதாவது செய்ய முடியும். அதற்குப் பிறகு பயம் எட்டாவது வரியை வைத்து. தழும்பு விழுந்த ஈரலில் புதிதாக ஒன்று கிளம்பலாம். மாத்திரை அதற்கு. குடியை விட்டது அதற்கு. அந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்கிறவன் மூன்றாவதில் வந்து முரண்டு பிடிக்கிறாய்.

நீ ஸ்கேனுக்குப் போகாவிட்டால் மெஷின் ஒன்றும் சொல்லாது, உண்மை. உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். கட்டத்தைக் காலியாக விடுவது என்று நான் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. அன்றைக்குக் கூடத்தில் நீ சொன்னாயே, என் கண்ணுக்கு எல்லாரும் ஒட்டின சதை என்று. ஏழு வருஷமாக அதற்குப் பதில் தயார் செய்து வைத்திருக்கிறேன், வீணாக வேண்டாம். எங்களுக்கு வரும் துண்டில் பெயர் இருக்காது, எண்தான். 4417 யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆறாவது வரியில் "உள்ளது" என்று டைப் அடித்த பிறகு நான் எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். தாகத்துக்கு இல்லை. பக்கத்து மேஜைக்காரிக்குக்கூட அது தெரியாது. டிசம்பரில் எந்த ஆஸ்பத்திரியிலோ என்னைப் போல ஒருத்தி உன் எண்ணுக்காக எழுந்து போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கடிதத்துக்கு நான் அனுப்பாத பாராட்டு இதோ. உன் அறிக்கை நல்ல அறிக்கை. எட்டு வரியோடும் நல்ல அறிக்கை. அதை வைத்துக்கொண்டு நீ அழாமல் கடையைத் திறந்தாய் என்பதில் எனக்குப் பெருமை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

பன்னிரண்டாம் தேதி போ. பேரம் எல்லாம் துணி எடுக்க வருகிறவர்களோடு வைத்துக்கொள். என்னைப் பற்றிக் கேட்டிருந்தாய். இங்கே எல்லாரும் நலம்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

போனேன். நானாகப் போனேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் வீட்டுக்காரி பின்னால் நின்று படிக்கிறாள். அவள்தான் இழுத்துக்கொண்டு போனாள். உன் கடிதத்தை அவளிடம் மறைக்க மறந்துவிட்டேன். இப்போது பட்டன் டப்பா, கத்தரி, லேமினேட் மெஷின் மூன்றும் அவள் காவலில்.

காத்திருக்கும் அறையில் பதினோரு பேர். எல்லாருக்கும் என்னைப் போல வயிற்றில் நீளத் தையல் இருக்கிறது, இல்லாவிட்டால் வரப்போகிறது. நான் வழக்கம்போல ஓரம், ஒரு சென்டிமீட்டர் என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்த லாரி டிரைவர், "எனக்கு ரெண்டு சென்டிமீட்டர்" என்றார். அத்தோடு வாயை மூடிக்கொண்டேன்.

உள்ளே படுக்க வைத்து, "மூச்சை இழுங்க, பிடிங்க" என்றார்கள். விடச் சொல்ல மறந்துவிடுவார்களோ என்று பயந்தேன். மூன்று நாள் கழித்து ரிசல்ட். சர்ஜன் படத்தை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். வீட்டுக்காரி என் முழங்கையைப் பிடித்திருந்த இடத்தில் இன்னும் நாலு விரல் தடம் இருக்கிறது.

"புதுசா ஒண்ணும் இல்லை" என்றார். "கட்டி இருந்தா ரத்தத்துல ஏறுற புரதமும் இறங்கியிருக்கு. வைரஸ் எண்ணிக்கையும் இறங்கியிருக்கு. ஜூன்ல வாங்க."

"ஜூன்ல என்ன சொல்வீங்க?"

"ஜூன்ல ஜூனைப் பத்திச் சொல்வேன்."

இந்தக் கடிதத்தோடு நகல் வைத்திருக்கிறேன், வரிகளை எண்ணிக்கொள்.

அன்று மாலையே கடைக்கு வந்து லேமினேட்டைப் பிளந்தேன். டப்பாவிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அதன் இடத்தில் வைத்து ஒட்டினேன். அவசரத்தில் கோணலாகிவிட்டது. தாளும் சுருங்கியிருந்ததால் நன்றாகத் துருத்திக்கொண்டு தெரிகிறது. என் கடையில் இருக்கும் ஒரே கோணல் தையல் அதுதான், அதைத்தான் எல்லாரும் முதலில் பார்க்கிறார்கள். தலைமை ஆசிரியர் கேட்டார், "என்னய்யா, மறுமதிப்பீட்டுல ஒரு பாடம் போச்சா?" நான் விளக்கினேன். உன் கடிதத்தை அப்படியே ஒப்பித்தேன், முதல் இரண்டு வருஷம், அதற்குப் பிறகு தழும்பு, மாத்திரை எல்லாம். மனுஷர் அரைக்கோட்டோடு அரை மணி நேரம் கேட்டார். அவர் அண்ணனுக்கும் அதே வைரஸாம், இதுவரை ஒரு ஸ்கேன்கூட எடுத்ததில்லையாம். மறுநாள் அண்ணனை ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு போய், தானும் ரத்தம் கொடுத்திருக்கிறார். அவரோடு சேர்த்து இதுவரை ஐந்து பேர், என் கடையில் அளவு கொடுக்க வந்து, ரத்தம் கொடுக்கப் போயிருக்கிறார்கள். இந்தத் தெருவில் இதைச் சொல்ல எந்தத் தையல்காரனுக்கு வாய் இருக்கிறது?

அவர்களிடம் நான் உன் பெயரைத்தான் சொல்கிறேன். "எங்க அக்கா லேப்ல இருக்கா. ஒரு வரி குறைஞ்சாக்கூட மோப்பம் பிடிச்சிடுவா" என்கிறேன். கடையில் உனக்கு இப்போது என்னைவிட மதிப்பு. அளவு கொடுக்க வந்த ஒரு அம்மா, "உங்க அக்காவும் இந்த டெஸ்ட் எடுத்திருப்பாங்க இல்ல?" என்று கேட்டார்கள். "எங்க அக்காதான் முதல் ஆளு" என்று சொல்லிவிட்டு, ஊசியில் நூல் கோக்கக் குனிந்துகொண்டேன்.

பேரத்தில் என் பாதியை நான் செய்தாயிற்று. உன் தாள் வரவில்லை. "இங்கே எல்லாரும் நலம்" என்பது எந்த லேபில் கொடுத்த ரிசல்ட்?

உன் தம்பி


ஏப்ரல் 11

தம்பிக்கு,

ஸ்கேன் நகல் வந்தது. எண்ணினேன், ஒரு வரியும் குறையவில்லை. லேபில் எல்லாருக்கும் காட்டினேன். "யாரோடது மேடம்?" என்று கேட்டார்கள். "என் தம்பியோடது" என்றேன். பெயர் இல்லாமல் எண்ணாக வந்த தாள்களோடுதான் இத்தனை வருஷம். முதல் தடவையாக ஒரு தாளைப் பெயர் சொல்லி நீட்டினேன், உன் மார்க் ஷீட் மாதிரியேதான் நீட்டினேன் என்று பக்கத்து மேஜைக்காரி சொல்கிறாள். ஜூனிலும் அனுப்பு.

உன் நம்பரைத் திறந்துவிட்டேன். காலை ஏழு மணிக்கு முன்னால் கூப்பிடாதே.

கடைக்கு வந்த அந்த அம்மாவிடம் நீ சொன்னதைப் படித்தேன். அதற்குப் பிறகு இரண்டு நாள் தூக்கம் சரியில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் ஊழியர்களுக்கு ரத்தம் பார்த்து ஊசி போடும் முகாம் வருஷா வருஷம் நடக்கும். அன்றைக்கெல்லாம் எனக்குத் தலைவலி வந்துவிடும். ஏன் என்று கேட்காதே. நீ ஸ்கேனுக்கு ஏன் போகவில்லையோ, அதேதான்.

இன்று காலை கீழே இறங்கிப் போய்க் கையை நீட்டினேன். ரிசல்ட் திங்கட்கிழமை. வந்த அன்றே அப்படியே அனுப்புகிறேன்.

ஊசி குத்துவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் நிரப்பினேன், "இதற்கு முன் இந்தப் பரிசோதனை செய்துகொண்ட தேதி" என்ற கட்டத்தைத் தவிர. அங்கே உட்கார்ந்திருந்தவள் படிவத்தைத் திருப்பி என்னிடமே தள்ளினாள். "காலியா விடக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொல்லுவீங்க?"

பேனாவை வாங்கி "இல்லை" என்று எழுதினேன்.

அக்கா